குளிர் என்று சொன்னேன்

மிளகாய் வறுக்கும்போது கூட்டை அறைக்குள் வைப்போம்.
வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கும் அப்படித்தான்.
குளியலறையை நான் குளோரின் ஊற்றித் தேய்க்கும் நாளில்
கதவிடுக்கில் ஈரத் துவாய் அடைப்பாள் அபிசனா.
தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை
பல்கனியில் நின்றுதான் அடிப்பாள் சசிரேகா,
தை மாதப் பனியிலும்.
மணக்கிற எல்லாவற்றுக்கும்
எங்களிடம் காவல் இருந்தது.

வருசத்தின் கடைசி இரவு.
பீல் நகரத்தின் மேல் ஏரிப் புகார் இறங்கி
எதிர்மாடி விளக்குகூடத் தெரியவில்லை.
மேல்வீட்டு மதாம் ஊல்மான் தன் ரக்லெட் அடுப்பை
இரவல் தந்துவிட்டு
மகள் வீட்டுக்கு லொசான் போயிருந்தா.
பாலாடைக்கட்டி உருகியது. கிழங்கு முடிந்தது.
கட்டியின்மேல் மிளகாய்த்தூள் தூவினேன் என்று
சசி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு அவர்கள் இருவரும்
வாணம் பார்க்க ஏரிக்கரைக்குப் போனார்கள்.
புகாருக்குள் என்ன வாணம் என்று நான் படுத்துவிட்டேன்.
காலை ஐந்துக்கு வேலை.
அடுப்பை நிப்பாட்டியதாக
என் கை இன்னும் சத்தியம் செய்கிறது.

வெறும் தட்டு.
கறுப்பு வழுவழுப்பு. எதுவும் ஒட்டாது என்று
பெட்டியில் நாலு மொழியில் எழுதியிருந்த பூச்சு.
அது சூடாகி, இன்னும் சூடாகி,
புகைகூட ஆகாத ஒன்றாகி
மேசைக்கு மேல் தொங்கிய கூட்டுக்கு ஏறியிருக்கிறது.
கூரையில் இருந்த கருவி கத்தவில்லை.
நான் இருமவில்லை.

சசி வந்து சிவப்பு விளக்கைப் பார்த்தபோது மணி ஒன்று.
தோளில் பிள்ளை நித்திரை.
அடுப்பை நிறுத்தினாள்.
அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் சொல்லவில்லை.

உப்பு கூட்டின் தரையில் கிடந்தது,
எதையோ பற்றியிருப்பதுபோல் கால்கள் மடங்கி.
கறிவேப்பிலை அன்று பின்னேரமே
படுக்கையறை அலுமாரிமேல் ஏறிக்கொண்டு
இறங்கமாட்டேன் என்று நின்றது.
கிட, கழுதை, என்று திட்டிக் கதவைச் சாத்தினேன்.
அந்தத் திட்டு ஒன்றுதான்
அன்றிரவு நான் செய்த நல்ல காரியம்.

மிருக வைத்தியர் தொலைபேசியில்
பறவையின் வயதைக் கேட்கவில்லை.
அடுப்பில் என்ன இருந்தது, அதைத்தான் கேட்டார்.
சொன்னேன்.
மறுமுனையில் பேனை மூடும் சத்தம்.

ஏன் அப்பா, என்றாள் அபிசனா.
குளிர், என்றேன்.
யன்னல் கொஞ்சம் திறந்து கிடந்தது, குளிர்.
மறுநாள் சசிக்கு நடுக்கமும் காய்ச்சலும்.
அதற்கும் குளிர் என்றேன்.
ஒன்பது வயதுக்கு அது போதுமான பதில்.

போதுமாகிவிட்டதுதான் தொல்லை.
இப்போது எந்த யன்னலும் திறப்பதில்லை.
இடுக்கெல்லாம் ஒட்டுநாடா.
கண்ணாடியில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறாள்
ஜெர்மனில், பிரெஞ்சில், தமிழில்:
'திரக்காதே.'
தமிழில் மட்டும் பிழை.
கூட்டுக்குக் கம்பளிச் சால்வை சுற்றி
குசினிக்கு இழுத்து வந்துவிட்டாள்,
தோசைச்சட்டிக்கு ஒரு முழம் தள்ளி.
அங்கேதானே சூடு, அப்பா.

இரவில் எழுந்து கூட்டை அறைக்குக் கொண்டுபோகிறேன்.
நாடாவை உரிக்கிறேன்.
பள்ளிக்குப் போகுமுன் அவள் திரும்ப ஒட்டுகிறாள்.
இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒற்றைக் கிளியை வளர்க்க இந்த நாட்டுச் சட்டம் விடாது.
சனிக்கிழமை சொலத்தூர்னிலிருந்து
இன்னொன்று வருகிறது. நீலம்.
பெயர் இப்போதே வைத்தாயிற்று: பெருங்காயம்.

அடுப்பை மதாமிடம் திருப்பிக் கொடுத்தபோது
தட்டைக் கொடுக்கவில்லை.
கீறிவிட்டேன், புதிது வாங்கித் தருகிறேன் என்றேன்.
பொய்க்குத் துணைக்கு இன்னொரு பொய்.
நிலவறையில் பனிச்சப்பாத்துகளுக்குப் பின்னால் இருந்தது.

இன்று வியாழன்.
தட்டை மேலே கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறேன்.
தோசைச்சட்டியையும் பக்கத்தில்.
பள்ளி விட இன்னும் இருபது நிமிடம்.
கறிவேப்பிலை தலையைச் சரித்து
அந்தக் கறுப்பில் தன் முகம் பார்க்கிறது.
எல்லா யன்னலையும் திறந்துவிட்டு
ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.